மயில்துத்தத்துக்கு மூக்கு உண்டு!



தாமிரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு மோட்டார் வைண்டிங், எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு பி.சி.பி. போர்டு. எரியோட்டுக்காரனான எனக்கோ, சுண்ணாம்போடு கலந்து தோட்டத்துச் செடிகளுக்கு அடிக்கும் மயில்துத்தம்தான்! அதே தாமிரம் விஷவாயுவை மோப்பம் பிடிக்கவும் உதவும். எப்படி என்று பார்ப்போமா?

நம்ம ஊருக்கு இது எதுக்கு?

திண்டுக்கல் பூட்டுக்கும் தோலுக்கும் பேர் போன ஊர். தோல் ஷாப்புகளில் முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். பின்னால் வரும் கட்டங்களில் அம்மோனியம் உப்பும் கந்தக அமிலமும் வருகின்றன. சல்பைடு கழிவுநீரும் அமிலக் கழிவுநீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாக்டீரியாவே இந்த வாயுவை உண்டாக்கிவிடும்.

இது காற்றைவிடக் கனமானது. குழிக்குள் அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். "நாத்தம் இல்லைன்னா இறங்கலாம்ப்பா" என்பதுதான் ஆபத்தான பேச்சு. ஏனென்றால் சுமார் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு, சேர்ந்தாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் தெரியாது, வாயு மட்டும் இருக்கும்! 500 பிபிஎம்மைத் தாண்டினால் மயக்கமும் மரணமும் சீக்கிரம் வரும். ஒருவர் விழ, தூக்கப் போனவரும் விழ... எத்தனை முறை பேப்பரில் படித்திருக்கிறோம்!

பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. பணம் வரும், போன ஆள் வருவாரா?

அம்மோனியாவும் சாதாரணமல்ல. ஐஸ் பேக்டரியிலும் குளிர்பதனக் கிடங்கிலும் அது ஓடுகிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மீனவ மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியதை மறக்க முடியுமா?

அணைவுச் சேர்மம் என்றால்?

நடுவில் ஓர் உலோக அயனி. அதைச் சுற்றி எலக்ட்ரான் ஜோடியைக் கொடுக்கும் மூலக்கூறுகள். கொடுப்பவருக்கு 'ஈனி' என்று பெயர். இந்த அமைப்பை விளக்கிய ஆல்பிரட் வெர்னர் 1913-இல் நோபல் பரிசு பெற்றார்.

மயில்துத்தத்தில் தாமிரத்தோடு நான்கு நீர் மூலக்கூறுகள் நேரடியாகப் பிணைந்திருக்கின்றன. நீல நிறத்துக்குக் காரணமே அதுதான். நன்றாகச் சூடாக்கி நீரை விரட்டினால் வெள்ளைத்தூள்! கரைசலில் அம்மோனியாவை விட்டால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு வரும். இன்னும் விட்டால் நீர் இடம்விட்டு அம்மோனியா உட்கார்ந்து, அடர்நீலம் பளிச்சிடும். ஈனி மாறினால் தாமிரத்தின் எலக்ட்ரான் ஆற்றல் மட்டங்களின் இடைவெளி மாறுகிறது. அது உறிஞ்சும் ஒளி மாறுகிறது, நிறமும் மாறுகிறது. ஹைட்ரஜன் சல்பைடு வந்தாலோ கதையே வேறு. கறுப்பான தாமிர சல்பைடு ஆகிவிடும். ஒரே தாமிரம், ஒரு வாயுவுக்கு நீலம், ஒரு வாயுவுக்குக் கறுப்பு!

நிறத்திலிருந்து மின்சாரத்துக்கு

குழிக்குள் நிறத்தை யார் பார்ப்பது? மணி அடிக்க வேண்டுமே! அதற்கு மின்தடை மாற வேண்டும். தாமிர தாலோசயனின் என்ற நீலச் சாயத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு நைட்ரஜன் அணுக்கள் நடுவிலுள்ள தாமிரத்தைப் பிடித்திருக்கும். இது பி-வகைக் குறைகடத்தி. நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு இதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும், துளைகள் கூடும், மின்தடை குறையும். அம்மோனியா எலக்ட்ரானைக் கொடுக்கும், மின்தடை ஏறும். டயோடு பாடம் படித்தவர்களுக்கு இது சுலபம்தானே!

அடுத்த கட்டம், உலோகமும் கரிம மூலக்கூறும் சேர்ந்து கட்டிய, உள்ளே ஓட்டைகள் நிறைந்த சட்டகங்கள். 1989-இல் ரிச்சர்ட் ராப்சன் இப்படிக் கட்டியதும் தாமிர அயனியை வைத்துத்தான். அவரும் சுசுமு கிடகாவாவும் ஓமர் யாகியும் 2025-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். 2015-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்சாரம் கடத்தும் தாமிரச் சட்டகம் ஒன்றைச் செய்தார்கள். 1 பிபிஎம்முக்கும் குறைவான அம்மோனியாவை அது காட்டிக்கொடுத்தது. அதே அமைப்பில் தாமிரத்துக்குப் பதில் நிக்கலைப் போட்டால் எந்த மாற்றமும் இல்லை!

இதில் என்ன லாபம்? நாம் பிராஜக்ட்டில் போடும் வெள்ளீய ஆக்சைடு சென்சாருக்குள் ஹீட்டர் உண்டு. 200 முதல் 400 டிகிரி வரை சூடு வேண்டும். தாமிரச் சட்டகமோ அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும், பேட்டரி மிச்சம்.

குறையும் உண்டு. ஈரக்காற்று பல தாமிரச் சேர்மங்களைக் குழப்பும், சிலவற்றைச் சிதைக்கும். சல்பைடு பட்டுக் கறுத்தது எளிதில் திரும்பாது. ஒரு வாயுவை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவதும் கஷ்டம். அதனால்தான் இன்று கையில் எடுத்துப் போகும் ஹைட்ரஜன் சல்பைடு மீட்டர்களில் பெரும்பாலும் மின்வேதிக் கலமே இருக்கிறது. தாமிரம் இன்னும் முக்கியமாக ஆய்வுக்கூடத்தில்தான்.

நண்பர்களே! நாளை சூபர்வைசராக நிற்கப்போவது நாம்தான். "இறங்குப்பா" என்று சொல்லும் வாய் நம்முடையதாக இருக்கும். அதற்குமுன் ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் மூன்றையும் அளந்தாயிற்றா என்று கேளுங்கள். மீட்டர் இல்லையென்றால் வேலை இல்லை என்று சொல்லுங்கள். லேப்பில் செய்யும் மயில்துத்தக் காகிதம் பாடம் புரிவதற்கு மட்டும்தான். அதை நம்பி யாரையும் இறக்காதீர்கள்.

மூக்கை நம்பாதே, மீட்டரை நம்பு!