கதவு திறந்திருக்கிறது; உள்ளே இருப்பவர் மாறிக்கொண்டே இருக்கிறார்

கேரள அரசுக் கலை, அறிவியல் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே மாதிரியான அறிவிப்பு வெளியாகிறது. "சைக்காலஜி அப்ரண்டிஸ்' என்ற தற்காலிகப் பணிக்கு ஆள் தேவை, உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் அசல் சான்றிதழ்களுடன் முதல்வர் அலுவலகத்துக்கு நேரில் வரலாம் என்பதே அதன் சாரம். மதிப்பூதியம் மாதம் 17,600 ரூபாய் என்று அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் காணப்படுகிறது. பணிக்காலம் பெரும்பாலும் மார்ச் மாதத்துடன் முடிந்துவிடும்.

மாநிலக் கல்லூரிக் கல்வித் துறையின் "ஜீவனி' மாணவர் நல மையங்களுக்கான பணி இது. திருவனந்தபுரத்திலும் அரசுக் கல்லூரி மாணவர்கள் மனக் குழப்பத்துடன் தட்டக்கூடிய முதல் கதவு இதுவே. பிப்ரவரியில் ஒருவரிடம் துணிந்து மனம் திறந்த மாணவி, கோடை விடுமுறை முடிந்து ஜூனில் திரும்பும்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம். நியமனம் தாமதமானால் நாற்காலி காலியாகவும் இருக்கலாம்.

மாணவர் மனநலம் குறித்து தலைநகர் தில்லியில் உத்தரவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், எந்த உத்தரவும் இந்த நாற்காலிப் பிரச்னையைத் தொட்டதாகத் தெரியவில்லை.

சிகிச்சை அல்ல, பேச்சு: முன்பதிவு இல்லாமல், விண்ணப்பம் நிரப்பாமல், நோய்க்குப் பெயர் சூட்டாமல் சில நிமிடங்கள் பேசிவிட்டுப் போகும் ஆலோசனை முறை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் வெகுவாகப் பரவியுள்ளது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2000-களின் முற்பகுதியில் இதைத் தொடங்கியது. மருத்துவப் பிரிவுக்கு வரத் தயங்கும் மாணவர்களைத் தேடி ஆலோசகரே வளாகத்தின் பல இடங்களுக்குச் சென்று அமர்வார். வெளிநாட்டு மாணவர்களும் சிறுபான்மை இனத்தவரும் சிகிச்சை மையத்தின் வாசலை மிதிக்கத் தயங்குவதே இதற்குக் காரணம். விடுதி அறைத் தோழருடன் சண்டை, தேர்வில் தோல்வி, வீட்டில் பணமில்லை என எதையும் பேசலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்கள்.

அந்தத் தயக்கம் திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. நகரின் பேரூர்க்கடை பகுதியில் ஊளம்பாறை என்ற இடத்தில் உள்ள அரசு மனநல மையம் 1870-ல் தொடங்கப்பட்டது. சென்னைவாசிகளுக்குக் "கீழ்ப்பாக்கம்' எப்படியோ, மலையாளிகளுக்கு "ஊளம்பாறை' அப்படி. ஊர்ப் பெயரே ஏளனச் சொல்லாகிவிட்டது. எழுத்தறிவில் நாட்டுக்கே முன்னோடியான மாநிலத்திலும் இந்தக் கேலி ஓயவில்லை. கல்லூரிக்குள் ஒரு சாதாரண அறையில், சாதாரணப் பெயர்ப் பலகையுடன் நடக்கும் பேச்சுக்கு இதனால்தான் மதிப்பு அதிகம்.

எண்கள் சொல்வது: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2023-ல் நாட்டில் 13,892 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். 2022-ல் இந்த எண்ணிக்கை 13,044. பள்ளி மாணவர்களும் இதில் அடக்கம். கேரளத்தில் மொத்தத் தற்கொலை விகிதம் 2023-ல் லட்சம் பேருக்கு 30.6, தேசிய சராசரி 12.3 மட்டுமே.

கேரளத்தின் கதைதானே என்று தமிழகம் ஒதுங்கிவிட முடியாது. 2022-ம் ஆண்டின் மாணவர் தற்கொலைப் பட்டியலில் மகாராஷ்டிரம் 1,764 பேருடன் முதலிடத்திலும், தமிழகம் 1,416 பேருடன் இரண்டாம் இடத்திலும் இருந்தன.

2015-ல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட மாணவர் பாதுகாப்பு வழிகாட்டுதலில், 25 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர்-ஆலோசகர் வேண்டும் எனக் கூறப்பட்டது. 2023 ஏப்ரலில் உடல்நலம், மனநலம் குறித்து அக் குழு மேலும் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. மதிப்பெண் போடும் ஆசிரியரிடமே மனக் குறையைச் சொல்ல எத்தனை மாணவர்கள் முன்வருவார்கள் என்பது வேறு விஷயம்.

உச்ச நீதிமன்றமும் தலையிட்டது. உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலைகளைத் தடுப்பது குறித்து ஆராய, முன்னாள் நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக் குழுவை நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 2025 மார்ச் 24-ல் அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25-ல் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது.

"ஒருவராவது' இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஓராண்டு ஒப்பந்த ஊழியரைக் கொண்டே நிறைவேற்றிவிடலாம். அறை உண்டு, பெயர்ப் பலகை உண்டு, ஆளும் உண்டு என்று அறிக்கை அனுப்புவதில் எந்தக் கல்லூரிக்கும் சிரமம் இருக்காது. ஆனால், முன்பதிவற்ற ஆலோசனை முழுக்க முழுக்கப் பழகிய முகத்தை நம்பி நடப்பது. முதல் முறை பேனா கேட்கும் சாக்கில் எட்டிப் பார்க்கும் மாணவர், மூன்றாவது முறைதான் உண்மையைச் சொல்வார். அதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிட்டால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க அவருக்கு மனம் வருமா?

கணக்கில் வராதவர்கள்: மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் நிகழும் தற்கொலைகள் குறித்து நாடாளுமன்றத்தில் அவ்வப்போது கேள்விகள் எழுகின்றன. 2018 முதல் ஐஐடி-க்களில் 33 பேர், என்ஐடி-க்களில் 24 பேர், ஐஐஎம்-களில் 4 பேர் என 2023 மார்ச்சில் மாநிலங்களவையில் அப்போதைய மத்திய கல்வி இணை அமைச்சர் சுபாஷ் சர்க்கார் தெரிவித்தார். நாட்டின் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களும் இணைப்புக் கல்லூரிகளும் இந்தக் கணக்கில் இல்லை.

திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே இந்தச் சிக்கலைக் காணலாம். காரியவட்டத்தில் வளாகம் கொண்ட கேரளப் பல்கலைக்கழகம் மாநில அரசுடையது. விதுரையில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வலியமலையில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமோ விண்வெளித் துறையைச் சேர்ந்தது. ஒரே மாவட்டம், ஒரே வயது, மூன்று எஜமானர்கள். 1976-ல் கல்வி பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டபோது மத்திய அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. ஆலோசகரின் சம்பளச் செலவை மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ளும் கடமையும் சேர்ந்து வந்ததாக யாரும் கருதுவதில்லை.

ஆள் பற்றாக்குறையும் உண்மையே. நாட்டில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே உள்ளனர், குறைந்தது 3 பேர் தேவை என்று சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக் குழு 2023 ஆகஸ்ட் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. எல்லா மாணவரையும் மருத்துவரிடம் அனுப்ப முடியாத நிலையில், மருத்துவர் தேவைப்படுவோர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே கண்டறிவதும் இந்த அறைகளின் வேலையாகிறது.

வீட்டுக்குத் தெரியுமா?: ஆலோசகர் முன் அமரும் மாணவருக்கு எழும் முதல் அச்சம், பேசியது பெற்றோருக்கும் துறைத் தலைவருக்கும் போய்ச் சேருமா என்பதுதான். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23-வது பிரிவில் ரகசியம் காக்கும் உரிமையை அளிக்கிறது; உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களுக்கு மட்டுமே விதிவிலக்கு. ஆனால், அப் பிரிவு மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோரைப் பற்றியே பேசுகிறது. சிகிச்சையே அல்லாத, பதிவேடும் இல்லாத உரையாடல் இந்தப் பாதுகாப்புக்குள் வருமா என்பதைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவது நாடாளுமன்றத்தின் வேலை.

கேரள வளாகங்களில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அங்கே மாணவர் பிரச்னை எதுவாயினும் முதலில் போய்ச் சேருமிடம் மாணவர் சங்க அலுவலகம்தான். கட்டணத்துக்கு உதவுவது முதல் காதல் விவகாரத்தில் சமரசம் வரை அங்கே நடக்கும். நல்ல தோழர் வாய்த்தால் அதைவிடச் சிறந்த ஆலோசனை மையம் இல்லை. ஆனால், 2024 பிப்ரவரியில் வயநாடு மாவட்டம் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாணவர் ஒருவர் இறந்த வழக்கில் கைதானவர்களில் மாணவர் அமைப்பினரும் இருந்தனர். வழக்கு மத்திய புலனாய்வுத் துறைக்குச் சென்றது. சங்கமே பயமுறுத்தும்போது மாணவர் போக வேறோர் இடம் வேண்டாமா?

மொழியும் ஒரு தடை. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த நகரம் இது. குழித்துறையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ரயிலேறி வந்து படிக்கும் தமிழ் மாணவர்கள் இன்றும் உண்டு. பாடத்தை ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். அழுகையை அப்படிச் சமாளிக்க முடியாது.

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் நிறுவிய "ஸ்நேகா' அமைப்பு, ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டே மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்டு வருகிறது. காது கொடுத்துக் கேட்கப் பெருஞ்செலவு பிடிக்காது என்பதற்கு அது சான்று. ஆனால், தொண்டரைக் காட்டி அரசு தன் பணியிடத்தை நிரப்பாமல் இருக்க முடியாது. "ஜீவனி' பணியிடங்களை நிரந்தரமாக்க இயலாவிட்டாலும், ஒரு மாணவரின் மூன்றாண்டுப் பட்டப் படிப்புக் காலத்துக்காவது ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம். கோடை மாதங்களில் அறையைப் பூட்டாமல் வைத்திருக்கலாம். மறுதேர்வும் மேற்படிப்புக் கவலையும் கல்லூரி விடுமுறையைப் பார்த்து வருவதில்லை.

மன நெருக்கடியில் இருப்போர் மத்திய அரசின் "டெலி-மானஸ்' சேவையை 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழ், மலையாளம் உள்ளிட்ட மொழிகளில் அழைக்கலாம். கேரளத்தில் "திசா' உதவி எண் 1056, தமிழகத்தில் 104.