ஓய்ந்த காலத்தில் ஆயத்தமாகும் படைகள்

கடலிற் கொட்டிய எண்ணெய் ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் அதனை மெல்லிய படலமாக விரித்துப் பல மைல் தூரம் கொண்டுபோய் விடுகின்றன. கரையை அடைந்த பின்னரோ, மணலிலும் பாறையிடுக்கிலும் சதுப்பு நிலத்துச் செடிகளின் வேரிலும் புகுந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. ஆகையால் அதனை அள்ளுவதற்குரிய காலம் முதற் சில நாட்களே. யார் தலைமை தாங்குவது, கருவிகள் எங்கே இருக்கின்றன, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருவது என்று அந்நாட்களில் யோசிக்கத் தொடங்கினால் காரியம் கெட்டுவிடும். இம்மூன்று கேள்விகளுக்கும் விபத்து நேருமுன்பே விடை கண்டு வைப்பதற்காகச் சில அரசாங்கங்கள் தனிப் படைகளை அமைத்திருக்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அவை அமைந்த விதம் கூட்டுறவாளராகிய நமக்கும் பாடம் புகட்டுவதாகும்.

இவ்வேற்பாட்டுக்கு வித்திட்டது அயல்நாட்டு விபத்து ஒன்று. 1967ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், 'டாரி கேனியன்' என்னும் கப்பல் ஏறத்தாழ 1,20,000 டன் குவைத் எண்ணெயுடன் வந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பாலுள்ள பாறைத் தொடரில் மோதியது. பிரிட்டிஷ் அரசாங்கம் போர் விமானங்களை அனுப்பிக் குண்டு வீசி எண்ணெயைக் கொளுத்த முயன்றது. எண்ணெயைக் கரைப்பதற்கென்று சலவை இரசாயனங்களை ஆயிரக்கணக்கான டன் கொட்டியது. அவ்விரசாயனங்களோ எண்ணெயைக் காட்டிலும் மிகுதியாகக் கரையோரத்துச் சிற்றுயிர்களைக் கொன்றன. முயற்சியில் குறைவில்லை, முன்னேற்பாடுதான் இல்லை.

இதனைக் கண்ட அமெரிக்க அரசாங்கம் மறு ஆண்டே, அதாவது 1968இல், தேசிய அவசரத் திட்டம் ஒன்றை வகுத்தது. பின்னர் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில், 1973இல் கடலோரக் காவற்படையின் கீழ் எண்ணெய் விபத்துக்களுக்கென்றே தேசிய விரைவுப் படை ஒன்று தோன்றியது. அட்லாண்டிக் கரை, மெக்ஸிகோ வளைகுடாக் கரை, பசிபிக் கரை ஆகிய மூன்றுக்கும் அதில் ஒவ்வொரு குழு உண்டு. விஷ இரசாயனங்களுக்கென 1978இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் கீழ் வேறொரு நிபுணர் குழு அமைந்தது.

முதற் கேள்வி தலைமை பற்றியது. விபத்து கடலிலோ கரையோரத்திலோ நேர்ந்தால் காவற்படை அதிகாரியும், உள்நாட்டில் நேர்ந்தால் பெரும்பாலும் சுற்றுச்சூழல் நிறுவன அதிகாரியும் ஸ்தலத்துத் தலைவர் ஆவர். இது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டுள்ளது. நிபுணர் குழுக்கள் அவருக்குத் துணையாக வருகின்றனவேயன்றி அவரை ஒதுக்கிவிட்டுத் தாமே ஆட்சி செய்ய வருவதில்லை.

இரண்டாவது, கருவியும் பயிற்சியும். மிதக்கும் தடுப்பு வேலி, நீரின்மேற் படிந்த எண்ணெயை வழித்தெடுக்கும் இயந்திரம், பழுதுபட்ட கப்பலில் எஞ்சிய எண்ணெயை வேறு கப்பலுக்கு மாற்றும் பம்பு ஆகியவை எப்போதும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இரசாயன விபத்திலோ பொருள் இன்னதென்று அறிவதே முதல் வேலை. காற்றின் எதிர்த்திசையில் தூரத்தே நின்று அளவெடுப்பார்கள். விபத்து நேர்ந்த இடத்தைச் சுற்றி மூன்று வட்டங்கள் வகுப்பார்கள். உள் வட்டத்தில் முழுக் காப்புடை தரித்தவர் மட்டுமே நுழையலாம். நடு வட்டத்தில் அவருடைய உடையைக் கழுவித் தூய்மை செய்வார்கள். வெளி வட்டத்திலிருந்து கட்டளைகள் பிறக்கும்.

மூன்றாவது கேள்வியாகிய பணமே நம் அங்கத்தினர்களுக்கு மிகவும் பழக்கமானது. 1990ஆம் ஆண்டு முதல் பீப்பாய் எண்ணெய் ஒன்றுக்கு 5 சென்ட் வீதம் வரி தண்டி ஒரு பொறுப்பு நிதி திரட்டப்பட்டது. விபத்து நேர்ந்ததும் ஸ்தலத்துத் தலைவர் எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அந்நிதியிலிருந்து செலவு செய்யலாம். குற்றவாளியிடமிருந்து அச்செலவைப் பின்னர் வசூலிப்பார்கள். பீப்பாய் ஒன்றின் அளவோ ஏறத்தாழ 159 லிட்டர். அவ்வளவு எண்ணெயில் 5 சென்ட் என்பது எவரும் உணராத சிறு துளி. நம் சங்கங்களில் ஆண்டுதோறும் இலாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்குவதும் இதே நெறியைப் பற்றியதே.

தணிக்கைக்காக நாம் செல்லுமிடங்களில், "இந்தச் சேமநிதி சும்மா தூங்குகிறதே, இதையும் ஈவாகப் பங்கிட்டால் என்ன?" என்று அங்கத்தினர் சிலர் கேட்பதுண்டு. இதே கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது போலும். மூன்று குழுக்களுள் அட்லாண்டிக் குழு 1980களில் கலைக்கப்பட்டது. 1989 மார்ச் 24ஆம் நாள் அலாஸ்கா கரையருகே 'எக்ஸான் வால்டெஸ்' கப்பல் பாறையில் ஏறி ஏறத்தாழ 4 கோடி லிட்டர் எண்ணெயைக் கொட்டியது. அங்கே தனியார் பொறுப்பில் இருந்த துப்புரவுப் படகு பழுது பார்ப்பதற்காகக் கரையில் கிடந்தது. அதன் கருவிகளைத் திரட்டி ஏற்றுவதற்குள் பல மணி நேரம் கழிந்தது. முதல் மூன்று நாட்கள் கடல் அமைதியாக இருந்தும் அவ்வாய்ப்பு வீணாயிற்று; பின்னர்ப் புயல் எழுந்து எண்ணெயை நெடுந்தூரம் பரப்பியது. எனினும் கப்பலில் எஞ்சியிருந்த ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு எண்ணெயை வேறு கப்பல்களுக்கு மாற்றிக் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டே புதுச் சட்டம் பிறந்தது. அட்லாண்டிக் குழுவும் மீண்டும் அமைக்கப்பட்டது. கலைத்ததனால் மிச்சமான பணத்தை மறுபடியும் அதற்கே செலவிட நேர்ந்தது.

நம் நாட்டிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. தேசிய எண்ணெய்க் கசிவு அவசரத் திட்டம் 1996இல் வெளிவந்தது. இந்தியக் கடலோரக் காவற்படை அதன் பொறுப்பை ஏற்றிருக்கிறது. சென்னையிலும் அதற்கு ஒரு மாசு ஒழிப்பு நிலையம் உண்டு. ஆயினும் 2017 ஜனவரி 28ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோது, கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை ஆட்கள் வாளிகளால் அள்ளியதை நாடே கண்டது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்திற் பரவியபோது, மீனவ மக்கள் தம் சிறு படகுகளில் சென்று, போதிய காப்புடையின்றி அதனை அள்ளினர். அவர்களுடைய உழைப்புக்கு ஈடில்லை. ஆனால், திட்டம் ஏட்டில் இருந்தும், உரிய கருவியும் கையுறையும் கடைசி மனிதன் கைக்கு வந்து சேராவிடில், அந்தத் திட்டத்தின் பாரத்தை அவனுடைய தோலும் மூச்சுமே சுமக்க வேண்டியதாகிறது.

கடலுக்குத் தொலைவிலுள்ள நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சங்கச் சாயப் பட்டறையில் இருக்கும் ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றக் கூடியது. பிளீச்சிங் பவுடரோடு அமிலம் கலந்தால் நச்சு வாயுவாகிய குளோரின் எழும். ஆதலின் இவற்றைத் தனித்தனியே, உலர்ந்த இடத்தில், மூடியிட்டு, பெயர்ச் சீட்டு ஒட்டி வைத்தல் வேண்டும். பூச்சிமருந்துக் கிடங்குக்கும் இவ்விதி பொருந்தும்.

நெடுஞ்சாலையில் செல்லும் டாங்கர் லாரிகளில் நான்கு இலக்க எண் ஒன்று எழுதப்பட்டிருக்கும். 1203 என்றால் பெட்ரோல். 1005 என்றால் அம்மோனியா. 1017 என்றால் குளோரின். அத்தகைய லாரி கவிழ்ந்தால் வேடிக்கை பார்க்கவோ ஒழுகுவதைப் பிடிக்கவோ அருகிற் செல்லலாகாது. காற்று வீசிவரும் திசைப் பக்கமாக விலகி நின்று, 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, லாரியிற் கண்ட இலக்கத்தைச் சொல்ல வேண்டும். வரும் நிபுணருக்கு அந்த நான்கு இலக்கமே முதல் உதவி.

விபத்து இல்லாத ஆண்டில் இத்தகைய படைகளின் கணக்கைப் பார்த்தால் வரவு ஒன்றும் தெரியாது, செலவே தெரியும். அச்செலவை வீண் என்று எழுதுபவர் கணக்கு அறிந்தவராயினும் காலம் அறியாதவரே. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பட்டறைக் கிடங்கின் சாவி யாரிடம் இருக்கிறது, தீயணைக்கும் கருவியைக் கடைசியாகச் சோதித்த தேதி யாது என்னும் இரு கேள்விகளை அங்கத்தினர்கள் கேட்பார்களாக. விடை உடனே வருமாயின் அச்சங்கம் ஆயத்தமான சங்கம்.