மூளைக்குள் இறுகும் ரத்தக்குழாய்கள்

1924 ஜனவரி 21 அன்று லெனின் இறந்தபோது அவருக்கு வயது 53. பிரேதப் பரிசோதனையில் மூளையின் ரத்தக்குழாய்களை இடுக்கியால் தட்டிப் பார்த்தார்கள். கல்லைத் தட்டிய சத்தம் கேட்டது. ரத்தக்குழாய் இறுகுவதன் உச்சகட்டம் இது. இதன் தொடக்கநிலை, கடலூரிலும் சிதம்பரத்திலும் பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு நடமாடும் எத்தனையோ பேரின் தலைக்குள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

பெரிய குழாய்களில் உட்சுவரில் கொழுப்பு படிந்து, சுண்ணாம்புச்சத்து ஏறி, வழி குறுகுகிறது. சர்க்கரை நோயும் புகையிலையும் இதை விரைவுபடுத்தும். மூளையின் ஆழத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய்கள் இருக்கின்றன. அவை பெரிய குழாயிலிருந்து நேரே கிளைப்பவை. வீராணம் ஏரி மதகிலேயே ஒரு கண்ணிவாய்க்காலை வெட்டிவிட்டது போல, முழு வேகத்தையும் அவையே தாங்கவேண்டும். ரத்த அழுத்தம் கூடியே இருந்தால் அவற்றின் சுவர் தடித்து விறைக்கிறது. ஒன்று அடைத்துக்கொள்ளும், அல்லது வெடிக்கும். இரண்டுமே பக்கவாதம்தான்.

வெள்ளையர்களுக்குக் கழுத்துக் குழாயில் அடைப்பு அதிகம். அதை அறுவை செய்து எடுக்கலாம். ஆசியர்களான நமக்கு மண்டைக்குள்ளேயே அடைப்பு அதிகம். அங்கே ஸ்டென்ட் வைப்பதைவிடத் தீவிர மருந்துச் சிகிச்சையே மேல் என்று 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால்தான் அந்தச் சின்ன பிரஷர் மாத்திரையை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது. “இப்ப நல்லாத்தானே இருக்கேன்” என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான்.

அடுத்தது உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய சோற்றுக்குக் கருவாடும் ஊறுகாயும் சேர்ந்தால் அது எளிதில் தாண்டிவிடும். கருவாட்டை விடச்சொல்ல எனக்கு மனமில்லை. வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் சமைக்கலாம். பிரஷர் உள்ளவர்களுக்கு அதுவும் எப்போதாவதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் பக்கவாதம் வந்து, வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108 ஆம்புலன்ஸ். கைகால் விழுந்தவர்களுக்குப் புறா ரத்தம் தடவும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதனால் எந்தப் பயனும் இல்லை. அடைப்பா, கசிவா என்பதை சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். அடைப்பு என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கைகால் விழுந்த நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.