சேற்றை உழும் கரண்டிமூக்கு

முத்துப்பேட்டைக்கு அருகே ஜாம்புவானோடையில் படகேறி, அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஆற்றோடு போனால் திடீரென்று நீர்ப்பரப்பு விரியும். முத்துப்பேட்டைக்காரர்கள் அதை லகூன் என்பார்கள். பார்வைக்குக் கடல், இறங்கினால் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லை. நீர் வற்றுகையில் ஓரங்களில் தலைகாட்டும் சேற்றில்தான் நம் தேடல்.

தேடப்போவது கரண்டிமூக்கு உள்ளான். எடை 30 கிராம் அளவே. ரஷ்யாவின் வடகிழக்கு மூலையான சுகோட்காவில் முட்டையிட்டு, குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே வரும். இன்று உலகில் எஞ்சியிருப்பவை சில நூறுதான். வங்கதேசம், மியன்மர், தாய்லாந்து கரைகளே இப்போது அதன் முக்கியக் குளிர்காலப் புகலிடங்கள். ஆனால் 1980களில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பக்கத்திலுள்ள கோடியக்கரையில் வலசைப் பறவைகளின் காலில் வளையமிட்டுவந்த காலத்தில், இது நம் கரையிலும் பதிவானது. நம் விருந்தாளியாக இருந்த பறவை என்பதாலேயே எனக்கு இந்தத் தேடல் முக்கியம்.

அலகின் நுனி கரண்டிபோல் அகன்றிருக்கும். 1758இல் இதற்குப் பெயரிட்ட லின்னேயஸ், அந்த அலகைப் பார்த்து இதைக் கரண்டிவாயன் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார். நாமோ அலகை மட்டும் நம்பக்கூடாது. பக்கவாட்டில் பார்த்தால் கரண்டி தெரியவே தெரியாது. பார்வைக்கு இதைப்போலவே இருக்கும் கொசு உள்ளானின் அலகு நுனியில் சேறு அப்பிக்கொண்டால் அதுவும் கரண்டியாகத் தோன்றும்! பறவை இரை தேடும் விதத்தைப் பாருங்கள். கொசு உள்ளான் கோழிக்குஞ்சுபோல் படபடவென்று கொத்தும். கரண்டிமூக்கோ தலையைக் கவிழ்த்து, அலகை ஈரச்சேற்றில் அமிழ்த்தி, இருபுறமும் அசைத்தபடி நடக்கும்.

சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி படகை வளைத்துக் கொண்டுபோக வேண்டும். தொலைவிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, கழி ஊன்றித் தள்ளிச் செல்வது நல்லது. ஆடும் படகில் தொலைநோக்கி நிலைகொள்ளாது. முதலில் பைனாகுலரால் கூட்டத்தைத் துழாவி, பிறகு கெட்டித்தரையில் இறங்கி தொலைநோக்கியின் முக்காலியை நிறுத்தலாம். ஆயிரம் உள்ளான்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

இந்தச் சேற்றைப் படைத்தது காவிரி. அதன் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்து, மிச்ச நீரையும் வண்டலையும் இங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. கடலில் கலக்கும் நீர் வீண் என்று பேசுவோரோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. நன்னீர் வரத்து குறைந்தால் உப்பு ஏறும். உப்பு மிஞ்சினால் சேற்றிலுள்ள புழுக்களும் சிறு கூனிகளும் குறையும். பிறகு உள்ளான் எதைத் தின்னும்? இந்தச் சேற்றின் அருமையை உலகும் அறியும்: 2002இல் கோடியக்கரையோடு இந்தச் சதுப்பும், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

மழை ஓய்ந்து, தையில் நீர் வடியும் வாரங்கள் தேடலுக்கு ஏற்றவை. எந்த உள்ளானின் காலிலாவது வளையமோ சிறு வண்ணக்கொடியோ தென்பட்டால் நிறம், எழுத்து, எந்தக் கால் என்பதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். அது எங்கே பிடிபட்டுப் பறக்கவிடப்பட்டது என்று கண்டுபிடிக்க அந்தக் குறிப்பு போதும்.