பழைய நடனப் படத்தில் நிற்பவர் யார்? கண்டுபிடிப்பது எப்படி?

அன்னா பாவ்லோவா என்று கூகளில் தேடிப் பாருங்கள். உலகப் புகழ் பெற்ற ரஷ்ய பாலே கலைஞர். ராதை வேடத்திலும் அவர் படங்கள் உண்டு. பக்கத்தில் கிருஷ்ணராக ஒருவர் நின்றால், அவர் யார்?

‘உதய் சங்கர்’ என்று சட்டென்று சொல்லிவிடுவோம். காரணம் இருக்கிறது. ஓவியம் படிக்க லண்டன் போன அந்த இந்திய இளைஞர்தான் பாவ்லோவாவுக்காக ராதா-கிருஷ்ணா நடனத்தை அமைத்து, 1923-இல் கோவெண்ட் கார்டன் அரங்கில் அவரோடு ஆடினார். ஆனால், 1924-இல் அவர் குழுவை விட்டு விலகிவிட்டார். ஆகவே, படம் எந்த ஆண்டு எடுத்தது என்று தெரியாமல் பெயர் எழுத முடியாது.

நிகழ்ச்சி நிரலில் பெயர் அச்சாகி இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். அதே குழுவில் இருந்த புட்சோவா உண்மையில் ஹில்டா பூட் என்ற ஆங்கிலேயப் பெண். அல்ஜெரானோஃப் என்பவரின் சொந்தப் பெயர் ஹார்கோர்ட் எசெக்ஸ். பாலே என்றாலே ரஷ்யா என்ற காலம் அது. பெயரையும் ரஷ்யப் பெயராக மாற்றிக்கொண்டார்கள்.

சரி, ஈப்போவில் இருக்கும் உங்களுக்கு இது எதற்கு?

பாட்டி வீட்டு ஆல்பத்தைத் திறந்தால் புரியும். தோட்டத்துத் திருவிழா, மேடை, சலங்கை கட்டிய ஓர் உருவம். பெயர் இல்லை. அந்த ரப்பர் தோட்டம் இப்போது செம்பனையாகவோ தாமானாகவோ மாறியிருக்கும். லயமும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்களும் எங்கெங்கோ போய்விட்டார்கள்.

முதலில் படத்தைத் திருப்புங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ‘ஹியூ லோ ஸ்திரீட்’ என்று இருந்தால், அது இன்றைய ஜாலான் சுல்தான் இஸ்கந்தர். ‘புரூஸ்டர் ரோடு’ என்றால் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. பழைய சாலைப் பெயர் இருந்தால், பெயர் மாறுவதற்கு முன் அடித்த முத்திரை என்று ஓரளவு ஊகிக்கலாம்.

அடுத்து உடை. முன்பக்கம் விசிறி மாதிரி விரியும் தைத்த பரதநாட்டிய உடை, 1935-இல் ருக்மிணி தேவி சென்னையில் மேடையேறிய பிறகுதான் பரவியது. அவரும் பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர் என்பது ஒரு சுவாரஸ்யமான ஒட்டு. அப்படிப்பட்ட உடை தெரிந்தால், “இது 1920-களில் எடுத்த படம்” என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. அந்தக் காலக் கூத்திலும் நாடகத்திலும் பெண் வேடத்தை ஆண்களே கட்டுவது சாதாரணம். “யார் இந்த அக்கா?” என்று நீங்கள் கேட்பவர் யாரோ ஒருவருடைய தாத்தாவாக இருக்கலாம்!

முகத்தை ஒப்பிடும் செயலிகள் இருக்கின்றனவே என்பீர்கள். அவை ‘இவர் அவரைப் போல இருக்கிறார்’ என்று மட்டும்தான் சொல்லும். அக்கா தங்கையும் ஒரே ஜாடைதானே? அதை வைத்து ஃபேஸ்புக்கில் ஒரு பெயரைப் போட்டுவிட்டால், அது பத்து இடத்தில் பகிரப்பட்டு உண்மை மாதிரி ஆகிவிடும். பிறகு அழிப்பது கஷ்டம்.

பழைய பத்திரிகைகள் உதவும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் அந்தக் கால ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் இதழ்களைத் தேடலாம். பேராக் செய்திகளும் வரும். தேடும்போது தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் போடுங்கள். நம்மவர்கள் வாயில் அதற்கு வேறு பெயர் இருந்திருக்கும். ஆள் பெயரையும் நாலைந்து விதமாக எழுத்து மாற்றிப் பாருங்கள்.

இதெல்லாம் காத்திருக்கும். காத்திருக்காதவர்கள் அந்தத் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள். இந்த வாரமே படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். “இது மீனாட்சிதானே?” என்று கேட்டால், தலையாட்டிவிடுவார்கள். “இதில் யாரையாவது தெரியுதா பாட்டி?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். போனில் பேச்சைப் பதிவு செய்ய அனுமதியும் கேளுங்கள்.

கிடைத்த பெயரைப் படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.