உரிமை இருக்கு, காசு இருக்கா?

அமெரிக்கா வந்தா நயாகரா பத்தி எழுதலாம், பனி பத்தி எழுதலாம், இண்டியன் ஸ்டோர்ல முருங்கைக்காய் விற்கிற விலையைப் பத்திப் புலம்பலாம். படிக்க வந்த பொண்ணுக்குக் கருக்கலைப்புச் சட்டம் எதுக்குன்னு கேட்பீங்க. நான் இருக்கிறது இல்லினாய் மாநிலத்தோட தெற்குக் கோடி. 2022ல் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்ட உரிமையை நீக்கின பிறகு இந்தப் பக்கம் புதுசா கிளினிக்குகள் வந்திருக்கு. வாசல்ல நிக்கிற கார்கள்ல டென்னசி, கென்டக்கி நம்பர் பிளேட். அங்கே தடை, அதனால இங்கே வர்றாங்க.

டிவி விவாதம் எல்லாம் "தடையா, அனுமதியா" என்பதோடு நின்னுடுது. ஆனா 1976லேர்ந்து ஓடிக்கிட்டிருக்கிற இன்னொரு சண்டை இருக்கு: யார் காசு கொடுக்கிறது?

கொஞ்சம் வரலாறு, கொட்டாவி விடாம படிங்க. மெடிக்கெய்ட் என்பது 1965ல் வந்த, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துக்கும். 1973ல் ரோ எதிர் வேட் தீர்ப்பு வந்ததும், மற்ற சிகிச்சை மாதிரியே கருக்கலைப்புக்கும் மெடிக்கெய்ட் பணம் கொடுத்தது, வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம் பேருக்கு. 1976ல் இல்லினாய் உறுப்பினர் ஹென்றி ஹைட், காங்கிரஸில் (நம்ம கட்சி இல்லீங்க, இவங்க நாடாளுமன்றம்) நிதி ஒதுக்கீட்டு மசோதாவோட ஒரு வாலை ஒட்டினார்: மத்திய அரசுப் பணம் கருக்கலைப்புக்குப் போகக் கூடாது. அதுதான் ஹைட் திருத்தம். நிரந்தரச் சட்டம் கிடையாது. வருஷா வருஷம் பட்ஜெட்டோட புதுப்பிக்கிறாங்க, இதுவரைக்கும் ஒரு வருஷம்கூட விட்டுப்போகலை. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு. வன்புணர்ச்சி, நெருங்கிய உறவினரால் கர்ப்பம் என்ற விலக்குகள் நடுவில் 12 வருஷம் காணாமல் போய் 1993ல்தான் திரும்ப வந்தது.

ஹைட் ஒளிவு மறைவு இல்லாத மனுஷர். பணக்காரி, நடுத்தரம், ஏழை எல்லாரையும் தடுக்கத்தான் ஆசை, ஆனா கையில் கிடைச்ச வண்டி மெடிக்கெய்ட் மசோதா ஒண்ணுதான்னு 1977ல் சபையிலேயே சொன்னார். அதாவது தடுக்க முடிஞ்சவங்களை மட்டும் தடுப்போம். தடுக்க முடிஞ்சவங்கன்னா ஏழைகள்.

அதே 1977 அக்டோபரில், டெக்சாஸின் மெக்காலன் என்ற எல்லை ஊரில் 27 வயசுக் கல்லூரி மாணவி ஒருத்தர் இறந்துபோனார். ஒரு குழந்தைக்குத் தாய், மெடிக்கெய்ட் அட்டை வச்சிருந்தவர். முறையான மருத்துவரிடம் போகப் பணம் இல்லாமல் உரிமம் இல்லாத இடத்தில் கருக்கலைப்பு செய்துகொண்டு, தொற்று முற்றி உயிர் போச்சு. அவர் கைப்பையில் 700 டாலர் ஸ்காலர்ஷிப் காசோலை இருந்ததாம். படிப்புக்கு வச்ச பணம். இதெல்லாம் கருக்கலைப்பு சட்டப்படி சரின்னு இருந்த நாட்டில் நடந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு. 1980ல் ஹாரிஸ் எதிர் மெக்ரே, 5க்கு 4 என்ற கணக்கில் ஹைட் திருத்தம் செல்லும்னு தீர்ப்பு. காரணம் என்ன தெரியுமா? அந்தப் பெண்ணின் வறுமையை அரசாங்கம் உண்டாக்கலை, அதனால் அந்தத் தடையை நீக்கும் கடமையும் அரசாங்கத்துக்கு இல்லை. உரிமை உண்டு, ஆனா டிக்கெட் நீயே எடுத்துக்கோ.

ஏழைகளோட நின்னுச்சான்னா, இல்லை. மத்திய அரசு ஊழியர், ராணுவத்தினர் காப்பீட்டுக்கும் இதே மாதிரி தடை வந்தது. 2010ல் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறும்போது கடைசிவரை இழுபறி ஆனது இந்த விஷயத்தால்தான். மானியத்தோட வாங்குற பாலிசியில் கருக்கலைப்பு இருந்தா, அதுக்கு மாசம் குறைஞ்சது ஒரு டாலர் தனியா வாங்கி, தனிக் கணக்கில் வைக்கணும். மானியப் பணம் அதில் கலந்துடக் கூடாதாம், சமையலறையில் மடி ஆசாரம் பார்க்கிற மாதிரி! அதோட, அரசு காப்பீட்டுச் சந்தையில் விற்கிற பாலிசிகளில் இதை அடியோடு தடுக்கவும் மாநிலங்களுக்கு உரிமை கொடுத்தாங்க.

கான்சாஸைப் பாருங்க. 2022 ஆகஸ்டில் மக்கள் பெரிய வித்தியாசத்தில் உரிமையைக் காப்பாற்றி வாக்களிச்சாங்க. ஆனா அங்கே மெடிக்கெய்ட் ஹைட் விலக்குகளைத் தாண்டிக் கொடுக்காது. தனியார் காப்பீடும் தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தாத்தான். வேணும்னா தனியா பணம் கட்டி இணைப்பு பாலிசி வாங்கணும். ஓட்டுப் போட்டு ஜெயிச்சவளே பில்லையும் கட்டணும்.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் நியாயமா சொல்லிடறேன். "இதை உயிர்க்கொலைன்னு நம்புறவன் வரிப்பணத்தை ஏன் இதுக்கு எடுக்கணும்?" லேசா ஒதுக்கித் தள்ள முடியாத கேள்வி. நம்பிக்கை உள்ளவங்க மனசார கேட்கிறது. ஆனா வரி என்பது நாம பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுற மளிகைக்கடை பில் இல்லையே. போரை எதிர்க்கிறவர் வரியும்தான் ராணுவத்துக்குப் போகுது. அதோட, இந்தத் தடை பல சமயம் கருக்கலைப்பை நிறுத்துறதில்லை, தள்ளிப்போடுது. ஆரம்ப வாரங்களில் 500, 600 டாலர் ஆகிற இடத்தில், பணம் சேர்க்க ஒரு மாசம் ஓடினா செலவு ஏறும், உடம்புக்கு ஆபத்தும் ஏறும். எதிர்க்கிறவங்களுக்கும் அது பிடிச்ச முடிவு இல்லையே.

நம்ம ஊர்ல 1971லேயே சட்டம் வந்தாச்சு. அது உரிமையா வரலை, மருத்துவர் ஒப்புதலோட வந்தது. கல்யாணம் ஆகாத பொண்ணு ஜி.எச்.சில் என்ன பேச்சு கேட்கணும்னு நமக்குத் தெரியும். ஆனா அரசு ஆஸ்பத்திரியில் செய்யலாம்னு சட்டத்திலேயே எழுதியிருக்கு. இங்கே நீதிமன்றம் உரிமை கொடுத்துச்சு, ஆஸ்பத்திரி கொடுக்கலை.

2021ல் பைடன் தன் பட்ஜெட்டில் ஹைட் திருத்தத்தை விட்டுப் பார்த்தார், காங்கிரஸ் திரும்பச் சேர்த்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் அதைக் கறாரா அமல்படுத்தச் சொல்லி உத்தரவு போட்டார். ஆனா ஹைட்டோட சொந்த மாநிலமான இதே இல்லினாய், 2017ல் மெடிக்கெய்டில் கருக்கலைப்புக்குத் தன் சொந்தப் பணத்தைக் கொடுக்கச் சட்டம் போட்டது. கையெழுத்துப் போட்டவர் ஹைட்டின் கட்சிக்கார கவர்னர் ப்ரூஸ் ரவுனர்! ஆனா அது இல்லினாய்வாசிகளுக்குத்தான். அந்த டென்னசிக் காரில் வந்தவங்க ரொக்கமா எண்ணித்தான் வைக்கணும்.

அதனால இனிமே யாராவது "அங்கே சட்டப்படி அனுமதி இருக்கே"ன்னு சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: பில் யார் பேருக்கு? மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா வாங்க, சண்டை போடலாம். திட்டுறவங்க மட்டும் முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க :)