பின்னத்தில் பின்தங்கும் ஆறாம் வகுப்பு

புது தில்லி: கால், அரை போன்ற எளிய பின்னங்களை எண்கோட்டில் குறிக்கவும் ஒப்பிடவும் நாட்டின் ஆறாம் வகுப்பு மாணவர்களில் 29 சதவீதம் பேருக்கே தெரிகிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் இயங்கும் 'பரக்' அமைப்பு 2024 டிசம்பரில் 781 மாவட்டங்களில் நடத்திய ஆய்வு தந்த கணக்கு இது. அந்த வகுப்பின் கணிதத் திறன்களில் இதைவிடக் குறைந்த மதிப்பெண் வேறெதற்கும் இல்லை.

தில்லித் தெருக்களிலோ பின்னம் புழங்காத கடை கிடையாது. காலுக்கு 'பாவ்', ஒன்றே காலுக்கு 'சவா', இரண்டரைக்கு 'டாயி' என ஹிந்தியில் தனிச் சொற்களே உண்டு. ஆனால், தில்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை பார்க்கும் சிறார்களிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு (2025) வேறொன்றைச் சொல்கிறது. வியாபாரத்தில் மனக்கணக்காய்ச் சரியாகச் சொல்லும் சிறார்கள், பள்ளிப் பாணிக் கணக்கில் தடுமாறினர். பள்ளி மாணவர்களுக்கோ சந்தைக் கணக்கு வசப்படவில்லை.

நான்கு மூன்றைவிடப் பெரியது. ஆகவே 1/4, 1/3-ஐவிடப் பெரியது என்று எழுதும் பிள்ளையை மந்தம் என்று ஒதுக்கிவிட முடியாது. ரொட்டியைத் துண்டு போட்டுக் காட்டுவதோடு பாடம் நின்றுவிட்டால், 5/4 என்பது புதிராகவே இருக்கும். நான்கு துண்டுகளில் ஐந்தை எப்படி எடுப்பது? எண்கோட்டில் அது ஒன்றைத் தாண்டிக் கால் பங்கு தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குச் செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. எட்டு மாணவர்கள் தத்தம் வீட்டில் வாங்கும் பாலின் அளவைச் சொல்லட்டும். கரும்பலகையில் கோடு வரைந்து, அரை லிட்டருக்கு மேலே மூன்று புள்ளி, ஒரு லிட்டருக்கு நான்கு, ஒன்றரைக்கு ஒன்று. மொத்தம் எவ்வளவு? ஏழு லிட்டர். வாழ்க்கைக் கணக்கு என்று புத்தகம் மிரட்டுவது இதைத்தான்.

2024-இல் வெளிவந்த ஆறாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. நூலான 'கணித பிரகாஷ்' எண்கோட்டில் பின்னத்தைக் குறிக்கக் கற்றுத்தருகிறது; கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் வகுத்த முறையையும் நினைவூட்டுகிறது. பெருமை சரிதான். ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 'பரக்' ஆய்வில் கணிதச் சராசரி மூன்றாம் வகுப்பில் 60, ஆறாம் வகுப்பில் 46, ஒன்பதாம் வகுப்பில் 37 சதவீதம். அடிப்படை எண்ணறிவுக்காக மத்திய அரசு 2021-இல் தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கத்தின் எல்லை மூன்றாம் வகுப்பு. பின்னப் பாடம் கனக்கத் தொடங்குவதோ நான்காம் வகுப்பில்.